சோறு எவ்வளவு? டெல்டா வீடுகளில் சர்க்கரை நோய்க்கான உணவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவில் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் கிடைக்கும் முதல் ஆலோசனை "அரிசியைக் குறைங்க" என்பதுதான். அந்த ஒரு வரி வீடு வந்து சேர்வதற்குள் ஒரு வீட்டில் "இனிமே ராத்திரி சப்பாத்தி" என்று ஆகிவிடுகிறது. அடுத்த வீட்டில் "சீனி மட்டும் வேண்டாம்". இன்னொரு வீட்டில் "ரெண்டு வாரம் பத்தியம் இருந்தாப் போதும்". கூலியையே நெல்லாக அளந்து வாங்கிய ஊர்களில் சோற்றைக் குறைப்பது லேசான காரியமில்லை. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு, அந்த ஊர் அடுப்படியில் இருக்கும் பொருள்களை வைத்தே இங்கே பதில் இருக்கிறது. அளவுகள் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. கர்ப்பிணிகளும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களும் தங்கள் மருத்துவர் தந்த அளவையே பின்பற்ற வேண்டும்.

எதை எதைச் சாப்பிடக் கூடாது? ஒரு லிஸ்ட் கொடுத்தால் போதுமே?

பெரும்பாலான குழப்பம் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. அம்மை போட்டாலும், காமாலை வந்தாலும், நாட்டு மருந்து சாப்பிட்டாலும் பத்தியம் இருப்பது நம் வழக்கம். சில பொருள்களை நிறுத்துவோம், கெடு முடிந்ததும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவோம். சர்க்கரை நோய்க்கு அப்படிக் கெடு கிடையாது. அதனால் பத்தியம் போல இறுக்கிப் பிடித்தவர்கள் இரண்டு மாதத்தில் அலுத்துப்போய் மொத்தமாகக் கைவிடுகிறார்கள்.

லிஸ்டில் இன்னொரு கெடுதலும் உண்டு. அதில் இல்லாததெல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற நினைப்பு வந்துவிடும். லட்டு வேண்டாம் என்று தள்ளிவிட்டு எட்டு இட்லி சாப்பிடுகிறவர் உடம்புக்குள் போகும் மாவுச்சத்து, ஒரு லட்டைவிடப் பல மடங்கு. கேட்க வேண்டியது மூன்று: எவ்வளவு, எதோடு சேர்த்து, எந்த நேரத்தில்.

சரி, சோறு எவ்வளவு சாப்பிடலாம்?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், ஒரு நாள் உணவுச் சக்தியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. வீட்டோடு இருக்கும், உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவருக்கு 1500 கலோரி என்று வைத்துக்கொண்டால், நாள் முழுக்க 190 கிராம் தானியம். வேளைக்கு 60 முதல் 65 கிராம் அரிசி. இட்லி, தோசை, சப்பாத்தி எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான்.

இதை ஆழாக்குக் கணக்கில் பாருங்கள். தலைதட்டிய ஓர் ஆழாக்கு அரிசி ஏறக்குறைய 140 கிராம். "ஆளுக்கு ஒரு ஆழாக்கு" என்று உலை வைக்கும் வீட்டில், ஒரு வேளைக்கே 110 கிராம் மாவுச்சத்து இலையில் விழுகிறது. உடம்பு தாங்குவது அதில் பாதிக்கும் குறைவு. ஆகவே நினைவில் வைக்க எளிய அளவு: ஒரு வேளைக்கு அரை ஆழாக்கு அரிசிக்குச் சற்றுக் குறைவு.

ஆழாக்கும் டம்ளரும் வீட்டுக்கு வீடு மாறும். அதனால் இதை ஒரே ஒருமுறை செய்துவிடுங்கள். உங்கள் வீட்டில் அரிசி அளக்கும் டம்ளரைத் தலைதட்டி நிரப்பி, மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்து, எடையை டம்ளரின் அடியில் எழுதி வையுங்கள். அடுத்து, 65 கிராம் அரிசியை மட்டும் தனியாக வடித்து, அந்தச் சோற்றை வீட்டில் உள்ள ஒரு கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள். 150 மி.லி. பிடிக்கும் சின்ன எவர்சில்வர் கிண்ணமாக இருந்தால் ஒன்றரைக் கிண்ணம் வரும். அமுக்காமல், குவிக்காமல் போட வேண்டும். கரண்டியால் ஒரு அமுக்கு அமுக்கினால் அதே கிண்ணத்தில் இன்னும் கால் பங்கு சோறு உட்கார்ந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. இனி உங்கள் சோறு அந்தக் கிண்ணத்தில்தான் அளக்கப்பட வேண்டும். கைப்பழக்கத்தில் அள்ளிப் போட்டால் பழைய அளவே வந்து நிற்கும்.

சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிடுவதுதானே வழக்கம்?

அளவு தவறுவது இங்கேதான். முதல் தடவை போட்ட சோறு சரியான அளவாகவே இருக்கும். "ரசத்துக்கு ரெண்டு கரண்டி, மோருக்கு ஒரு கரண்டி" என்று பின்னால் வருவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வழி இருக்கிறது. அளந்த ஒன்றரைக் கிண்ணத்தையும் தொடக்கத்திலேயே தட்டில் போட்டு, கையால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பெரிய பங்கு குழம்புக்கு, சின்னப் பங்கு ரசத்துக்கு. மோரைக் கடைசியில் டம்ளரில் வாங்கிக் குடித்துவிடலாம். ரசத்தையும் குடிக்கப் பழகிவிட்டால் சோறு முழுவதும் குழம்புக்கே கிடைக்கும். பரிமாறுகிறவர் சோற்றுப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைக்காமல் அடுப்படியிலேயே விட்டு வருவது, எந்த மருந்தையும் விடக் குறைந்த செலவில் பலன் தரும்.

சோற்றைக் குறைத்தால் நாலு மணிக்கே பசி வருகிறதே?

சோற்றை மட்டும் குறைத்து, தட்டைக் காலியாக விட்டால் பசிக்கத்தான் செய்யும். தட்டில் பாதியைக் காயும் கீரையும் நிரப்ப வேண்டும். சமைத்த காய் ஒன்றரைக் கிண்ணமாவது வேண்டும். ஊறுகாய் மாதிரி ஓரத்தில் ஒரு கரண்டி வைத்தால் போதாது. டெல்டாவில் இதற்குப் பஞ்சமே இல்லை: வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்கீரை, புடலை, பீர்க்கை, கொத்தவரை, அவரை, சுரை, கத்தரி. வாழைத்தண்டுக் கூட்டும் வாழைப்பூப் பருப்புசிலியும் நார்ச்சத்து மிகுந்தவை, வயிறும் நிறையும்.

சோற்றுக்குக் கால் பங்கு. மீதிக் கால் பங்கில் புரதம்: ஒரு முட்டை, அல்லது இரண்டு துண்டு மீன், அல்லது 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டல், அல்லது கெட்டிப் பருப்பு. சாம்பார் என்ற பெயரில் தெளிவாக ஓடும் தண்ணீரில் பருப்பு மிகக் குறைவு. அடியில் தங்கும் கெட்டியை அள்ளிப் போடச் சொல்லுங்கள்.

சாப்பிடும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். முதலில் காய், அடுத்து மீனோ முட்டையோ சுண்டலோ, கடைசியில் சோறு. அதே சாப்பாடு, அதே அளவு, ஆனால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக ஏறும். சாப்பிட்டு முடித்ததும் பாயை விரிக்காமல் 10, 15 நிமிடம் திண்ணைக்கும் தெருவுக்குமாக நடந்தால் இன்னும் குறையும்.

எந்த அரிசி நல்லது? மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்கிறார்களே?

ஏறும், கொஞ்சம் மெதுவாக. தவிடு நீக்காத பாரம்பரிய அரிசிகளில் நார்ச்சத்து கூடுதல், மென்று சாப்பிட நேரம் எடுக்கும், சீக்கிரமே வயிறு நிறைந்த உணர்வு வரும். இவையெல்லாம் உண்மையான நன்மைகள். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்களால் இந்த ரகங்கள் வயலுக்குத் திரும்பியது பெரிய காரியம். ஆனால் 100 கிராம் மாப்பிள்ளைச் சம்பாவிலும் 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். "நல்ல அரிசி" என்று இரண்டு பங்கு சாப்பிட்டால் நன்மை எல்லாம் அடிபட்டுவிடும். கருப்புக் கவுனியைச் சர்க்கரையும் தேங்காயும் போட்டு இனிப்பாகச் செய்து "சுகருக்கு நல்லது" என்று சாப்பிடுவதும் நடக்கிறது. அது இனிப்புப் பண்டம்தான்.

பாலிஷ் போட்டதா என்பதையும் பாருங்கள். பாரம்பரிய ரகத்தையே மில்லில் வெளுக்கத் தீட்டி விற்றால் பெயர் மட்டும்தான் மிச்சம். விலை கட்டுப்படியாகாதவர்கள் மனம் தளர வேண்டாம். ரேஷனில் பச்சரிசியும் புழுங்கலும் இருந்தால் புழுங்கலை வாங்குங்கள். நெல்லை அவித்துக் காயவைத்து அரைப்பதால் புழுங்கலரிசிச் சோறு பச்சரிசியைவிட மெதுவாகச் செரிக்கும். ரேஷன் புழுங்கலரிசியை அளவாகச் சாப்பிடுகிறவர், கிலோ நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய அரிசியை அளவில்லாமல் சாப்பிடுகிறவரைவிட நல்ல நிலையில் இருப்பார்.

குக்கர் சோறு கெடுதல், வடித்த சோறு நல்லது என்பது சரியா?

கஞ்சியை வடிக்கும்போது கொஞ்சம் மாவு போகிறது. ஆனால் அந்த வித்தியாசம், ஒரு கரண்டி சோற்றைக் குறைப்பதால் வரும் வித்தியாசத்தைவிடச் சிறியது. முக்கியமானது பதம். குழைந்த சோறு சீக்கிரம் செரித்து வேகமாக ஏற்றும். குக்கரில் ஒரு விசில் குறைத்து, உதிரியாக எடுத்தால் போதும். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிப்பவர்கள் அதையும் சோற்றுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பழைய சோறு?

சாப்பிடலாம். சோறு ஆறி ஒரு ராத்திரி கிடக்கும்போது அதிலுள்ள மாவில் ஒரு சின்னப் பங்கு செரிக்காத வகையாக மாறுகிறது. சின்னப் பங்குதான், பெரிய மாயம் ஒன்றுமில்லை. மீதி எல்லாம் சோறுதான். சிக்கல் அளவில் வருகிறது: தண்ணீரோடு கலந்து கிடப்பதால் தூக்குவாளியில் எவ்வளவு சோறு இருக்கிறது என்று தெரியாது. ராத்திரி தண்ணீர் ஊற்றுமுன்பே ஒன்றரைக் கிண்ணம் அளந்து போடுங்கள், நீராகாரம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். தொட்டுக்கொள்ள ஊறுகாய், கருவாடு என்று உப்பு ஏறாமல், சின்ன வெங்காயம், கீரைத் துவையல், ஒரு அவித்த முட்டை வைத்துக்கொள்ளலாம்.

இரவில் சப்பாத்திக்கு மாறிவிட்டேன். காலையில் கேப்பைக் கஞ்சி. ஆனாலும் குறையவில்லையே?

30 கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தியில் 20 கிராம் மாவுச்சத்து. மூன்று சப்பாத்தி சாப்பிட்டால் 60 கிராம். மேலே சொன்ன ஒன்றரைக் கிண்ணம் சோற்றில் 50 கிராம்தான். கோதுமைக்கு மாறியதே மருந்து என்று எண்ணி நாலு, ஐந்து சாப்பிடும்போது சர்க்கரை கூடத்தான் செய்யும், எண்ணெய் வேறு சேர்கிறது. இரண்டு சப்பாத்தி, நிறையக் காய் போட்ட கூட்டு என்றால் சரி. சப்பாத்தி பிடிக்காதவர்கள் கஷ்டப்பட்டு மாற வேண்டிய அவசியமே இல்லை.

கேழ்வரகும் தானியம்தான். மைய அரைத்த மாவைத் தண்ணியாகக் காய்ச்சிக் குடித்தால் மெல்லும் வேலை இல்லை, வயிற்றில் தங்குவதும் இல்லை, அரைமணியில் சர்க்கரை எகிறும். அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடையாகத் தட்டினால் மெதுவாக ஏறும். உடனடி ஓட்ஸுக்கும் இதே கதைதான். இட்லி என்றால் மூன்று, கெட்டிச் சாம்பாரோடு. ஒரு நடுத்தர இட்லிக்கு 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீனிக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் போடலாமா?

கூடாது. நிறமும் மணமும் வேறு, உள்ளே இருப்பது பெரும்பாலும் சர்க்கரையே. "கருப்பட்டிக் காபிதானே" என்று நாளுக்கு நாலு தடவை குடிப்பவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

கணக்கு இப்படி: தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சீனி 5 கிராம், குவித்து எடுத்தால் 7, 8 கிராம். கடை டீயில் இரண்டு ஸ்பூன். நாலு டீ என்றால் 40 கிராம் சீனி. கடையில் "சர்க்கரை கம்மியா" என்றால் ஒரு ஸ்பூன் போட்டுத்தான் வரும். "சர்க்கரை இல்லாம" என்று சொல்லுங்கள். முதல் பத்து நாள் கசக்கும், பிறகு நாக்கு பழகிவிடும். டீயோடு வரும் பிஸ்கட்டும் மாவும் சீனியும்தான், "மாரி" என்று பெயர் இருந்தாலும்.

நான் நடவு வேலைக்குப் போகிறேன். காலையில் மாத்திரை போட்டுவிட்டு வயலில் இறங்கினால் மயக்கம் வருகிறது. வெயில் மயக்கமா?

வெயிலாக இருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தாழ்சர்க்கரை, அதாவது இரத்தத்தில் சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கிவிடுவது. இது உயிருக்கு ஆபத்தான விஷயம், அதனால் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்கிளசைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாடு வருகிறதா இல்லையா என்று பார்க்காமல் சர்க்கரையை இறக்கும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. விடியற்காலை ஒரு டீயோடு கிளிமிபிரைடு போட்டுவிட்டு, ஆறு மணிக்குச் சேற்றில் இறங்கி, பத்து மணிக்குக் கரையேறிப் பழைய சோறு சாப்பிடுவது என்றால் நடுவில் நாலு மணி நேரம். மாத்திரையும் இறக்குகிறது, குனிந்து நடும் வேலையும் இறக்குகிறது. படபடப்பு, வியர்வை, கைநடுக்கம், கண் இருட்டுவது, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அதன் அடையாளம். வயலில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது என்பதால் இது யார் கண்ணிலும் படாமல் போகிறது.

செய்ய வேண்டியது: மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்தே போட வேண்டும். சாப்பாடு பத்து மணிக்கு என்றால், மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அல்லது கிளம்பும் முன் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுங்கள். முந்தானையிலோ சட்டைப் பையிலோ மூன்று டீஸ்பூன் சீனியோ குளுக்கோஸ் பொடியோ ஒரு சின்ன டப்பாவில் நனையாமல் இருக்கட்டும். அறிகுறி தெரிந்த உடனே கரையேறி அதைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் பொறுத்தும் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் கட்டாயம் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் இறங்கும். அகார்போஸ், வாக்ளிபோஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சீனி மெதுவாகத்தான் வேலை செய்யும், அவர்கள் குளுக்கோஸ் பொடிதான் வைத்திருக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி மூச்சு அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். கூட நடுகிறவர்களிடம் "எனக்குச் சுகர் இருக்கு, டப்பா இங்க இருக்கு" என்று முன்பே சொல்லி வைப்பதில் கூச்சம் வேண்டாம்.

நடவு, களையெடுப்பு, அறுவடை நாட்களில் உடம்புக்குக் கூடுதல் சக்தி வேண்டும். 2000 கலோரி செலவாகும் நாளில் 250 கிராம் தானியம் வரை போகலாம். மறுபக்கம், மேட்டூர் மூடிக் கிடக்கும் மாதங்களில் வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும்போதும் அதே அளவு சாப்பிட்டால் சர்க்கரை ஏறுகிறது. இன்றைக்கு அறுவடை பெரும்பாலும் இயந்திரத்தில் நடக்கிறது. கை வேலை குறைந்துவிட்டது, ஆனால் அறுப்பறுத்த காலத்து அளவுதான் இன்னும் தட்டில் விழுகிறது. வேலை உள்ள மாதம், இல்லாத மாதம் என்று இரண்டு அளவுக் கிண்ணம் வைத்துக்கொள்வது டெல்டாவுக்குப் பொருந்தும் முறை.

டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னால் பத்தியமாக இருந்தால் நல்ல ரிசல்ட் வருகிறதே, அது போதாதா?

அந்த ரிசல்ட்டைப் பார்த்து மருத்துவர் மாத்திரையை அப்படியே விட்டுவிடுவார், மற்ற 28 நாளும் சர்க்கரை மேலேயே இருக்கும். கண்ணும் சிறுநீரகமும் பாதத்து நரம்பும் கெடுவது அந்த 28 நாளில்தான். மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை இரண்டு நாள் பத்தியம் மாற்றாது. பலருக்கும் வைக்கப்படும் இலக்கு: வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180க்குள், ஹெச்பிஏ1சி 7க்குள். வயதானவர்களுக்குச் சற்றுத் தளர்த்தி வைப்பார்கள். இரத்தசோகை உள்ள பெண்களுக்கு ஹெச்பிஏ1சி தவறாகக் கூடுதலாகக் காட்டக்கூடும், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சாப்பிட்ட பிறகு எடுக்கும் பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் என்பது முதல் கவளத்திலிருந்து கணக்கு. கை கழுவியதிலிருந்து எண்ணக் கூடாது. அன்றைக்கும் வழக்கமான சாப்பாடு, வழக்கமான மாத்திரை. டெஸ்ட் நாள் என்று மாத்திரையை விட்டுவிட்டு, எகிறிய எண்ணைப் பார்த்துப் பயப்படுவது அடிக்கடி நடக்கிறது.

பழமே கூடாதா?

கூடும், ஒரு நாளைக்கு ஒரு பங்கு. ஒரு சிறிய பூவன் பழம், அல்லது ஒரு கொய்யா, அல்லது மூன்று பலாச்சுளை, அல்லது இரண்டு மாம்பழக் கீற்று. வயிறு நிறையச் சோறு சாப்பிட்டு அதன்மேல் பழம் வைக்காமல், பதினோரு மணிக்கோ நாலு மணிக்கோ தனியாகச் சாப்பிடுங்கள். ஜூஸ் வேண்டாம். இளநீர் எப்போதாவது ஒன்று சரி. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் இளநீரும் வாழைப்பழமும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது, பொட்டாசியம் ஏறும்.

மண்ணுக்கு அடியில் விளைவதெல்லாம் கூடாதாமே?

அப்படி ஒரேயடியாக இல்லை. கேரட், பீட்ரூட், முள்ளங்கி சாப்பிடலாம். மரவள்ளி, உருளை, சேனை, சர்க்கரைவள்ளி சாப்பிடும் அன்று சோற்றைக் குறைக்க வேண்டும். வாழைக்காய் மரத்தில்தான் காய்க்கிறது, ஆனால் அதிலும் மாவு அதிகம்.

வெந்தயம், பாகற்காய், ஆவாரம்பூ?

ஊறவைத்த ஒரு டீஸ்பூன் வெந்தயம் சாப்பிடலாம். அதன் நார்ச்சத்து சர்க்கரை ஏறுவதைச் சற்றே தாமதப்படுத்தும். பாகற்காய் நல்ல காய். எதுவும் மாத்திரைக்கு மாற்று இல்லை. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் விற்கும் "சுகர் பொடி"யை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட வேண்டாம்.

மீன் சாப்பிடலாமா?

தாராளமாக. நாகப்பட்டினம் பக்கம் விலை மலிவாகக் கிடைக்கும் மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி எல்லாமே நல்லது. குழம்பாக வைத்தால் சரி, எண்ணெயில் பொரித்தால் தினமும் வேண்டாம். மீன் குழம்புக்குச் சோறு கூடுதலாக இறங்கும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. கருவாட்டை அலசினாலும் உப்பு முழுதாகப் போகாது. ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். இரத்தக்கொதிப்பும் சேர்ந்து இருப்பவர்கள் கருவாட்டை எப்போதாவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடிப்பெருக்கு, பொங்கல், கல்யாணப் பந்தி: அன்றைக்கு என்ன செய்வது?

ஆற்றங்கரைக்கு எடுத்துப் போகும் புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப்பொங்கல் ஐந்தும் அரிசிதான். ஒவ்வொன்றிலும் "கொஞ்சம்" என்று சாப்பிட்டால் ஐந்து கொஞ்சம் சேர்ந்து மூன்று கிண்ணம் ஆகிவிடும். எல்லாவற்றிலும் இரண்டு ஸ்பூன் வைத்து, மொத்தம் ஒன்றரைக் கிண்ணத்துக்குள் நிறுத்துங்கள். கூட ஒரு கிண்ணம் சுண்டல் இருக்கட்டும். எண்ணெய் சேர்ந்த கலந்த சாதம் மெதுவாகச் செரிப்பதால், இரண்டு மணி நேரத்தில் சரியாக இருந்த சர்க்கரை நாலு மணி நேரம் கழித்து ஏறியிருக்கும். இரண்டு மணி நேர எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பந்தியில் இலை போட்டதும் பொரியல், கூட்டு, பச்சடியை முதலில் முடித்துவிடுங்கள். இன்னொரு முறையும் அதையே கேட்டு வாங்குங்கள். சோறு ஒரே தடவை. பாயசமோ அசோகா அல்வாவோ ஏதாவது ஒன்று, இரண்டு ஸ்பூன். "ஒரு நாள்தானே" என்று வற்புறுத்துபவர்களிடம் வாதம் செய்யாமல் இலையில் கையை விரித்து மறைத்துவிடுவதே எளிது. கோயில் பிரசாதம் ஒரு வாய் போதும்.

விரதம், நோன்பு இருக்கலாமா?

இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் கேட்காமல் இருக்கவே கூடாது. அமாவாசையன்று படையல் முடியும்வரை சாப்பிடாமல், காலை மாத்திரையை மட்டும் வழக்கப்படி போட்டுவிட்டு மயங்கியவர்கள் நிறைய. ஏகாதசிக்கு அரிசிக்குப் பதிலாக ஜவ்வரிசி சாப்பிட்டால் அது சோற்றைவிட மோசம், முழுக்க மரவள்ளி மாவு.

ரமலான் நோன்பு வைக்க விரும்புகிறவர்கள் ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது நோன்பை முறிக்காது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. 70க்குக் கீழோ 300க்கு மேலோ போனால் நோன்பை விட்டுவிட வேண்டும். நோன்புக் கஞ்சியும் அரிசி உணவு, அதைக் குடித்த இரவு சோற்றைக் குறையுங்கள்.

வீட்டில் எனக்காகத் தனியாக யார் சமைப்பார்கள்?

தனிச் சமையலே தேவையில்லை. மேலே சொன்ன எல்லாம் குழந்தை முதல் பெரியவர் வரை எல்லோருக்கும் ஏற்ற சாப்பாடு. அளவு மட்டுமே ஆளுக்கு ஆள் மாறும்.

கவனிக்க வேண்டிய வேறொன்று இருக்கிறது. வீட்டு ஆணுக்குச் சர்க்கரை என்றால் மனைவி சமையலை மாற்றுகிறார். அந்த அம்மாவுக்கே சர்க்கரை வந்தால் யாரும் மாறுவதில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மூன்று மணிக்கு, காய் தீர்ந்து போய், மிச்சச் சோற்றை வீணாக்க வேண்டாமே என்று குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறார். நேரம் தவறுகிறது, காய் இல்லை, சோறு அதிகம். மூன்றுமே கெடுதல். சமைத்து இறக்கியவுடன் அவருக்கான காயையும் மீனையும் ஒரு பாத்திரத்தில் எடுத்து மூடி வைக்கும் வேலையை வீட்டில் இருக்கும் மற்றொருவர் ஏற்க வேண்டும். மிச்சச் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வையுங்கள், அல்லது மாட்டுக்குப் போடுங்கள். அவர் உடம்பு குப்பைத்தொட்டி இல்லை.

சர்க்கரை நார்மல் ஆகிவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்துதான் நார்மல் ஆக்கியிருக்கின்றன. எடை நன்றாகக் குறைந்து, ஹெச்பிஏ1சி தொடர்ந்து நல்ல நிலையில் இருந்தால் மருத்துவரே குறைப்பார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தீர்ந்துபோனால் கொண்டுவரும் பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உடனே சொல்லுங்கள், இடைவெளி விழ வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது என்ன சொல்ல வேண்டும்?

"கட்டுப்பாடாத்தான் இருக்கேன்" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு தாளில் இவற்றை எழுதிப் போங்கள்: எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், முதல் சாப்பாடு எத்தனை மணிக்கு, மாத்திரை எத்தனை மணிக்கு, ஒரு வேளைக்கு எத்தனை கிண்ணம் சோறு, எத்தனை டீ, வயல் வேலை இப்போது உண்டா இல்லையா, மயக்கம் வந்ததா, வந்தால் எந்த நேரத்தில். சாப்பிடும் கிண்ணத்தையே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேசை மேல் வைத்தாலும் சரிதான். "இதுல எத்தனை?" என்று கேளுங்கள்.